தங்கராசு அடித்த கற்பூரம்

பவர் டேபிள் ஓடத் தொடங்கினால் முதலில் அதிர்வது பல்தான். நீளமான மர மேஜையின் அடியில் ஒரே இரும்புத் தண்டு சுழல, அதிலிருந்து வார் இழுத்து வரிசையாக ஓவர்லாக் மிஷின்கள் ஓட, அந்த அதிர்வு பெஞ்சு வழியாக முதுகில் ஏறித் தாடையில் போய் நிற்கும். டம்ளரில் மொண்டு வைத்த தண்ணீர் வட்டம் வட்டமாகச் சிலிர்க்கும். சூடான மிஷின் எண்ணெயும் புதுப் பனியன் துணியும் கலந்த வாசம் மூக்கை விட்டுப் போகாது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் உடம்பு ஓடிக்கொண்டே இருக்கும். எழுபதுகள் தொடங்கிய காலம் அது. காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட சின்னப் பனியன் கம்பெனி ஒன்றில், பதினேழு வயதில் நான் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தேன்.

இதை என் பேரன் வயதில் இருக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஒரு பையனுக்கு இன்னொரு பையனைப் பிடித்துப்போவதும், ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைப் பிடித்துப்போவதும் நேற்று வந்த பழக்கம், செல்போன் கொண்டுவந்த பழக்கம், எங்கோ வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த பழக்கம் என்று பெரியவர்கள் உங்களிடம் சொல்லுவார்கள். சொல்லட்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட போன் இல்லாத காலத்தில், பாதி வீடுகளில் கரண்டே வராத காலத்தில், வெளிநாடு என்றால் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத நான் தங்கராசுவை நேசித்தேன். அவன் என்னை நேசித்தான். யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; எனக்குத் தெரிந்த தமிழில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தங்கராசு எனக்குக் 'கைமடி'. தைக்கிறவருக்கு எதிரே உட்கார்ந்து, வெட்டிய துணியை மடித்து நீட்டி, தைத்து வருவதை வாங்கி, நூலைக் கத்தரித்து அடுக்குகிற ஆளைப் பனியன் கம்பெனிகளில் அப்படித்தான் சொல்லுவோம். தைக்கிறவரும் கைமடியும் நாள் முழுக்க எதிரும் புதிருமாக இருப்பார்கள். ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்கும். தைக்கிறவர் வேறு கம்பெனிக்குப் போனால் கைமடியையும் கூடவே கூட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம்; பழகிய கையை விட்டுவிட்டுப் புதுக் கையோடு ஓட்டுவது எவ்வளவு பாடு என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் வேலைக்கு வந்தபோது பதினாறு வயது. ஒல்லியான உடம்பு, நெற்றியில் எப்போதும் பஞ்சுத்தூசி, யாரிடமும் அதிகம் பேசாத வாய். அவனுடைய அப்பா நொய்யல் ஓரத்துச் சலவைப் பட்டறை ஒன்றில் துணி வெளுக்கிற வேலையில் இருந்தார். எங்கள் டேபிளைக் காண்ட்ராக்ட் எடுத்து ஓட்டிய சுல்தான் பாய் அவனை என் எதிரில் உட்காரவைத்து, "கண்ணு, கைமடிக்கு ஒரே பாடந்தான். எதிர்ல இருக்கறவன் கையப் பாரு, மூஞ்சியப் பாக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் அவன் அந்தப் பாடத்தைச் சரியாகத்தான் படித்தான். பிறகு மறந்துவிட்டான். நானும் அவன் முகத்தைப் பார்த்துத் தைத்து ஊசியில் விரலைக் கொடுத்தேன். கழிவுத் துணியில் ஒரு துண்டு கிழித்து என் விரலில் சுற்றிக் கட்டிக்கொண்டே, "இப்பிடியே போனா நமக்குத் துணி பத்தாதுங்க தையக்காரரே" என்றான் அவன். அவன் சொன்ன முதல் வேடிக்கை அது.

இரண்டு பேர் வீடும் வேலம்பாளையத்தில்தான். என்னிடம் அப்பாவின் பழைய சைக்கிள் இருந்தது. அப்பா நான் சின்னவனாக இருந்தபோதே போய்விட்டார். அந்தச் சைக்கிளில் முன்னால் நானும் பின்னால் அவனுமாகப் போய் வருவோம். எதிர்க்காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் ஒரு நாள், மேட்டில் மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போகையில், அவன் சைக்கிள் கேரியரைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நாச்சிமுத்து, எனக்கு உன்னையப் புடிச்சிருக்குது. ஒனக்கு?"

"எனக்குந்தான்."

"சினேகிதனாட்டமா, இல்ல சினிமாவுல வர்றாங்களே, அந்த மாதிரியா?"

நான் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனேன். "சினிமா மாதிரிதான். ஆனா அவங்களுக்கு வேலைவெட்டி இல்ல, மரத்தைச் சுத்தறாங்க. நமக்கு நாளைக்கு எட்டு மணிக்கு மிஷினு."

அவன் சிரித்த சிரிப்பில் சைக்கிள் சாய்ந்துவிட்டது. எங்களிடம் அதற்கு ஒரு பெயர் இல்லை. அண்ணன் தம்பிக்குப் பெயர் இருந்தது, மாமன் மச்சானுக்குப் பெயர் இருந்தது, எங்களுக்கு இல்லை. பெயர் இல்லாததால் அது இல்லாமல் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே பன்னை இரண்டாகப் பிய்த்து டீயில் நனைத்துத் தின்றதும், அவன் அம்மை போட்டுப் படுத்திருந்த நாட்களில் வேறொரு கைமடியோடு நான் தைத்ததெல்லாம் கோணிப்போய் சுல்தான் பாயிடம் வசவு வாங்கியதும், அவன் இளைத்துத் திரும்பி வந்த அன்று டேபிளே கேட்கும்படி நான் விசிலடித்ததும்தான் எங்கள் காதல். அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது. அதற்குக் குறைவாக இருக்கவும் தெரியவில்லை.

வினை வந்தது நல்ல செய்தியாகத்தான். கம்பெனி பெருகி, சந்தின் அந்தப் பக்கம் தகரக் கூரையில் புதுச் செட் ஒன்று போட்டு, புது மிஷின்கள் இறக்கினார்கள். கைமடியாக இருக்கிற எந்தப் பையனுக்கும் ஒரே கனவுதான்: ஒரு நாள் மிஷினில் உட்கார வேண்டும். அதற்காக மத்தியானச் சோற்று நேரத்தில் மிஷின்காரர்களைக் கெஞ்சி, வீணான துணியில் தைத்துப் பழகுவார்கள். தங்கராசுவும் என் மிஷினில் அப்படித்தான் பழகியிருந்தான். என்னைவிட நன்றாகவே தைப்பான். ஒரு நாள் காலை சுல்தான் பாய் வந்து அவன் முதுகில் தட்டினார்.

"தங்கராசு, நாளையிலிருந்து புதுச் செட்டுல ஒனக்கு ஒரு மிஷினு. ஊட்ல சொல்லி, சாமி கும்பிட்டுட்டு வந்து உக்காரு."

"வேண்டாமுங்க பாய்."

"என்ன வேண்டாம்?"

"மிஷினு வேண்டாமுங்க. நான் கைமடியாவே இருந்துக்கறனுங்க."

எல்லோருடைய கைகளும் நின்றுவிட்டன. அடியில் தண்டு மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மிஷினை வேண்டாம் என்று சொன்ன கைமடியை அந்த டேபிளில் யாரும் பார்த்ததில்லை. சுல்தான் பாய் கோபப்படவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "ஏன் கண்ணு?" என்று கேட்டார். தங்கராசு வேறு ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். கண் வலி என்றிருக்கலாம், பயம் என்றிருக்கலாம். அவனுக்குப் பொய் வராது.

"இவன் எதுத்தாப்புல இருக்கறதுதானுங்க எனக்குப் புடிச்சிருக்குது."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு டேபிள் முழுக்கச் சிரித்தது. மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சு எங்கள் சந்தின் முனையைத் தாண்டியது. சாயங்காலத்துக்குள் சலவைப் பட்டறைக்குப் போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து எங்களைக் கேலி பேசுவது மற்றவர்களுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. எங்கள் ஊர்க் கேலி மரியாதையோடு வரும், அதுதான் உறைக்கும். "ஏனுங்க நாச்சிமுத்து, ஊட்ல சம்சாரம் டீ குடிச்சாச்சுங்களா?" என்று ஒருவர் தங்கராசுவைக் காட்டிக் கேட்பார். "குடிச்சாச்சுங்க. நீங்க அந்த டம்ளரக் கழுவி வெச்சுட்டுப் போனீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க" என்று நான் சொல்லுவேன். தலையைக் குனிவதில்லை என்று நானாக ஒரு முடிவு செய்திருந்தேன். குனிந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துக் குனிந்ததாக ஆகிவிடும் என்று பட்டது.

தங்கராசுவின் அப்பா அவனை அடித்தார். அது பலிக்கவில்லை என்றதும் வெள்ளகோவிலுக்கு ஆள் அனுப்பினார். அங்கே எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த அவனுடைய தாய்மாமன் வெள்ளை வேட்டியும் துண்டுமாக அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். அவருடைய ஏற்பாடு சுத்தமாக இருந்தது. மருமகனைக் கையோடு வெள்ளகோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது, செக்கில் வேலைக்கு வைப்பது, மீசை நன்றாக முளைத்ததும் தன் மகளையே கட்டிக் கொடுப்பது. ஆனால் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பையன் ஓடிவந்துவிடுவான் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் முதலில் கருப்பணசாமி கோயிலில் சத்தியம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். இனிமேல் நாச்சிமுத்துவோடு பேசமாட்டேன், சேரமாட்டேன் என்று கற்பூரம் அடித்துச் சொல்லிவிட்டால், பிறகு காவல் எதுவும் தேவையில்லை, சாமியே பார்த்துக்கொள்ளும்.

கற்பூரம் அடிப்பது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். சாமிக்கு முன்னால் கல்லில் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றி, அது எரிகிறபோதே சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைக்க வேண்டும். அப்படிச் சொன்ன சொல்லை மீறினால் குடும்பமே விளங்காது என்று நம்பிக்கை. மீறச் செய்கிறவர் யாராக இருந்தாலும் அவர் தலையிலும் அது விழும். வரப்புச் சண்டை, பாகப்பிரிவினைச் சண்டை எல்லாம் கோர்ட்டுக்குப் போகாமல் அந்தக் கல்லில் முடிந்திருக்கின்றன.

மாமன் எங்கள் வீட்டுக்கும் வந்தார். என் அம்மா கம்பெனிக் கழிவுத் துணியைத் தரம் பிரிக்கிற வேலை செய்து என்னை வளர்த்தவள். வாசலில் நின்றபடியே அவர் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, ஞாயித்துக்கெழமை காலைல உங்க பையனையும் கூட்டிட்டுக் கோயிலுக்கு வந்துருங்க. சாமி முன்னால ரெண்டு பசங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா நமக்குள்ள சண்டை ஓரியாட்டம் வேண்டாமுங்க." அவ்வளவு பணிவாக யாரும் என்னை மிரட்டியதில்லை. அவர் போன பிறகு அம்மா கதவைச் சாத்திவிட்டு உலை வைக்கப் போனாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தங்கராசுவை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வழியில்லை. அவன் அடிக்குப் பயந்து சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது? சாமி பேரில் சொன்னதை அவன் மீறமாட்டான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் பொய் வராதே.

கருப்பணசாமி கோயில் அப்போது சோளக்காட்டு ஓரத்தில், வேப்ப மரத்தடியில், கூரை இல்லாமல் இருந்தது. நாங்கள் போனபோது வெயில் ஏறியிருந்தது. தங்கராசுவின் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூசாரி கல்லைத் துடைத்துக் கற்பூரக் கட்டியை வைத்தார். வழக்கப்படி பெரியவர் ஒருவர் சத்தியத்தைச் சொல்லச் சொல்ல, அடிக்கிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பூசாரி மாமனைப் பார்த்து, "நீங்க சொல்லிக் குடுங்க" என்றார்.

மாமன் அங்கேதான் பிசகினார். "நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கோணும்? நான் சொல்லிக் குடுத்து இவன் சொன்னா அது என்னோட சத்தியமாயிரும். இவனே இவன் வாயில சொல்லட்டும். அப்பத்தான் கட்டும்" என்றார். கற்பூரம் எரியத் தொடங்கிவிட்டது.

தங்கராசு கையைத் தூக்கினான். அவ்வளவு நாளும் அதிர்ந்து பேசாதவன் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னான்: "கருப்பணசாமி சத்தியமா, நாச்சிமுத்துவ உட்டுட்டு நான் இருக்க மாட்டேன். எங்க தாட்டி உட்டாலும் திரும்பி இவங்கிட்டத்தான் வருவேன். இவனைத் தவிர வேற ஆரோடயும் வாழமாட்டேன்." சொல்லிவிட்டு ஓங்கி அடித்தான். கற்பூரம் அணைந்து புகை எழுந்தது.

மாமன் அடிக்கக் கை ஓங்கினார். பூசாரி குறுக்கே வந்துவிட்டார். "வேண்டாமுங்க. சத்தியம் அடிச்ச பொகைகூட அடங்கல. இப்பப் போயி அவன் மேல கை வெக்காதீங்க."

"இதை எடுக்க முடியாதுங்களா பூசாரி?" என்று தங்கராசுவின் அப்பா கேட்டார்.

"எடுக்கறதுன்னா ஆகாதுங்க. மீறறதுன்னா மீறலாம். இவங்களை ஆரு பிரிக்கறீங்களோ அவங்க தலைல உழுகும். ஆருன்னு சொல்லிட்டீங்கன்னா நான் தள்ளி நின்னுக்கறேன்."

அப்பா மாமனைப் பார்த்தார். மாமன் அப்பாவைப் பார்த்தார்.

"உங்க பையன், நீங்களே பாருங்க மச்சான்."

"உங்க மருமகன்தானுங்களே. கற்பூரமும் நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க?"

முன்னால் போய், "எனக்கும் ஒரு கட்டி ஏத்துங்க" என்றேன். மாமன் சட்டென்று குனிந்து, மிச்சமிருந்த கற்பூரப் பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். "போதுஞ் சாமி, போதும். ஒண்ணே தாங்காது" என்றார். அவ்வளவு பெரிய மனுஷன் ஒரு பொட்டலத்துக்குப் பயந்து மடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொள்ளவில்லை.

வரும் வழியில் அம்மா முன்னால் நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் நடந்தோம். தங்கராசு தன் உள்ளங்கையை ஊதிக்கொண்டே வந்தான். ரொம்ப தூரம் போன பிறகு அம்மா திரும்பாமலே கேட்டாள்: "மத்தியானத்துக்கு ரெண்டு பேருக்கு ஆக்கோணுமா, மூணு பேருக்கா?"

"மூணு பேருக்கும்மா."

"அப்ப அரிசி பத்தாது. கடைக்குப் போயிட்டு வாங்க ரெண்டு பேரும்."

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று எழுதினால் அது பொய். தங்கராசுவின் அப்பா அவனைப் பல வருஷம் வீட்டு வாசலை மிதிக்க விடவில்லை. அவனுடைய தங்கை கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை வரவில்லை, நாங்கள் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம். கேலியும் நிற்கவில்லை. ஆனால் எங்களைப் பிரிக்க ஒருவரும் முன்வரவில்லை. பிரிக்கிறவர் தலையில் விழுமே. சுல்தான் பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "உங்க சாமிகிட்டச் சொன்னா என்ன, வேற எங்க சொன்னா என்ன, வாக்குன்னா வாக்குதான். எனக்குத் துணி தெச்சு வந்தாப் போதும்" என்றவர், புதுச் செட்டில் போடவிருந்த மிஷினைக் கொண்டுவந்து எங்கள் டேபிளிலேயே எனக்கு எதிர்ப்பக்கம் பூட்டச் சொன்னார். தங்கராசு அதில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் தைத்தோம், நிமிர்ந்தால் முகம்.

அந்தச் சாமி எங்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். காப்பாற்றியது தங்கராசுவின் வாய். எங்களைப் போன்றவர்கள் அந்த ஊரிலேயே இன்னும் இருந்தார்கள்; அவர்களுக்குச் சத்தியத்தைச் சொல்லிக் கொடுக்கிற மாமன்கள் வாய்த்தார்கள். யார் யாரையோ கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் வாழ்ந்து முடித்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் இருந்தார்கள் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

தங்கராசுவின் தங்கை சின்ன வயதிலேயே காய்ச்சலில் போனபோது, அவள் புருஷன் வீட்டார் கைவிரித்துவிட, கைக்குழந்தையை யார் வளர்ப்பது என்று கேள்வி வந்தது. அப்போது தங்கராசுவின் அப்பாவே எங்கள் வாசலுக்கு வந்து குழந்தையை அவன் கையில் கொடுத்தார். அந்தப் பெண் வளர்ந்து அவனை மாமா என்றாள். முறைப்படி அது சரி. என்னை அப்பா என்றாள். எந்த முறையில் அப்பா என்று யாராவது வந்து கேட்பார்கள் என்று பதிலோடு காத்திருந்தேன்; ஒருவரும் வரவில்லை. அவளுடைய மகனுக்காகவும் அவன் வயதுப் பிள்ளைகளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள். இதெல்லாம் புதிது என்று யாராவது உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால், எங்கள் தாத்தாமார்கள் பனியன் தைத்த காலத்திலேயே இது இருந்தது என்று சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.

போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் கருப்பணசாமி கோயில் பக்கம் நடந்துபோனோம். சோளக்காடு இல்லை, அங்கே பனியன் கம்பெனிக்காரர்களின் குடோன்கள் நிற்கின்றன, வாசலில் வடநாட்டுப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டு லாரிக்கு மூட்டை ஏற்றுகிறார்கள். மாமன் இல்லை, பூசாரி இல்லை, தங்கராசுவின் அப்பா இல்லை. வேப்ப மரத்தை வெட்டிவிட்டுக் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். சத்தியம் அடிக்கிற கல்லைப் பெயர்த்துவிட்டுப் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். 'உள்ளே கற்பூரம் ஏற்றக் கூடாது' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகளை மிரட்டிச் சத்தியம் வாங்க அந்த இடத்தில் இனி வழியில்லை, நல்லதுதான்.

தங்கராசு போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"நான் அன்னைக்கு அடிச்சுட்டேன். நீதான் கடைசிவரைக்கும் அடிக்கவே இல்ல. சத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ எப்ப வேணாலும் உட்டுட்டுப் போலாம், தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம்?"

"போலாமுங்க," என்றேன். "மொதல்ல ஊட்டுக்குப் போயிச் சாப்புடலாம்."